காருக்குக் கட்டிய சந்தா

எங்கள் பக்கத்தில் சந்தா என்றால் மூன்று இடத்துக்குத்தான் கட்டுவோம். மீனவர் சங்கத்துக்கு, கோவில் சபைக்கு, மரணாதார சங்கத்துக்கு. முதல் இரண்டையும் மறந்தாலும் மூன்றாவதை ஒருவரும் மறப்பதில்லை. அதைக் கட்டி வைத்தால் வீட்டில் யாராவது கண்ணை மூடும் நாளில் கொட்டகையும் உட்காரக் கதிரைகளும் தேநீர்க் கேத்தலும் கேட்காமலே வாசல் படலைக்கு வந்து சேரும். வீட்டுக்கு ஒரு சந்தா. அப்பன் கட்டினாலும் மருமகன் கட்டினாலும் பலன் முழு வீட்டுக்கும் உண்டு. தாழ்வுபாடு என்ற கரையோரக் கிராமத்தில் பிறந்து, மன்னார் ஐஸ் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குச் சந்தாவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே காருக்கும் சந்தா கட்ட வேண்டும் என்று கொழும்பில் அந்தக் காரை விற்ற மனிதர் சொன்னபோது நான் வாயைப் பிளந்தேன். பின்சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் கேட்டாள்.

"அப்ப கார் செத்துப் போனா கதிரை தருவினமோ?"

அந்த மனிதர் சிரிக்கவில்லை. அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும், ஆனால் எங்கள் மரணாதார சங்கத்தைத் தெரியாது.

கார் எங்கள் விருப்பத்தில் வந்ததல்ல. எங்களுக்கு ஒரே மகன். நோர்வேயில் இருக்கிறான். மீன் பிடிக்கும் ஊரில் வளர்ந்து, மீன் நாற்றமே வேண்டாம் என்று கடல் கடந்து போய், அங்கே மீன் பதனிடும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவன். இன்று அதே ஆலையில் ஒரு பகுதிக்கு மேற்பார்வையாளன். சோளகக் காற்று அடித்த நாளொன்றில் நான் மன்னார்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு சரிந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அதை யாரோ முகநூலில் போட்டுவிட்டார்கள். வாகன இறக்குமதித் தடை எடுபட்ட காலம் அது. "இனி மோட்டசைக்கிளைத் தொடக்கூடாது" என்று அவன் தொலைபேசியில் உத்தரவு போட்டான். கரண்டில் ஓடும் புத்தம்புதுக் கார் ஒன்று எங்களுக்காகக் கொழும்பில் காத்திருந்தது. எனக்குச் சொல்லிவிட்டு வாங்கவில்லை. வாங்கிவிட்டுச் சொன்னான். கோபம் வந்தது. ஆனால் பெற்ற பிள்ளை கார் வாங்கித் தந்தான் என்று கோபித்தால் ஊர் என்னைத்தான் பைத்தியம் என்னும்.

விற்ற மனிதர் அன்று எங்களைக் காரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் விளக்கினார். இந்தக் காருக்குள் எல்லாம் இருக்கிறதாம். ஆனால் பாதி தூங்குகிறதாம். தூரத்தில் இருந்து ஏசி போடுவது, கார் எங்கே நிற்கிறது என்று போனில் பார்ப்பது, யாராவது தட்டினால் செய்தி அனுப்புவது, கதவு திறந்து கிடந்தால் எச்சரிப்பது, சீட்டைச் சூடாக்குவது, எல்லாமே உள்ளே பூட்டியபடி இருக்கின்றன. முதல் கொஞ்சக் காலம் சும்மா தருவார்கள். பிறகு சந்தா.

"சாமான் உள்ளுக்குத்தானே இருக்கு? அதுக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தது?" என்றேன்.

"சாமான் உங்கடதுதான் ஐயா. அதைத் திறக்கிறதுக்குத்தான் மாதக் காசு."

வீட்டை விற்றுவிட்டு அறைப் பூட்டின் திறப்பை மட்டும் வாடகைக்குத் தருகிற கதையாக இருந்தது. அதிலும் சீட்டைச் சூடாக்குவதற்கு மாதக் காசு! குளிர் நாட்டுக்கென்று செய்ததாம். மன்னாரில் மத்தியானம் காரை வெயிலில் விட்டு அரை மணித்தியாலம் கழித்து வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். நாங்கள் இன்னும் வெயிலுக்குச் சந்தா கட்டத் தொடங்கவில்லை.

மகன் அங்கிருந்தே எல்லாவற்றையும் பதிந்துவிட்டான். செயலி அவனுடைய போனில், கணக்கு அவனுடைய பெயரில், சந்தா போவது அவனுடைய வங்கி அட்டையில். எனக்கு ஒரு திறப்பும், பின்புறத்தைச் சுட்டுத் தரும் ஒரு சீட்டும். போதும்தானே.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெளிநாட்டில் இருப்பவர்தான் தொலைபேசி எடுத்து அழைக்க வேண்டும். இங்கே இருப்பவர் எடுக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. முன்பு அட்டை வாங்கிச் சுரண்டி நிமிடத்துக்குக் காசு கட்டிப் பேசிய காலத்தில் வந்த பழக்கம். இப்போது இணையத்தில் பேசுவதற்குக் காசில்லை. ஆனால் பழக்கம் போகவில்லை, அதன் அர்த்தம்தான் மாறிவிட்டது. இங்கிருந்து யாராவது எடுத்தால் ஒன்றில் சாவு, இல்லாவிட்டால் காசு. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் தன் தமையனுக்கு அடிக்கடி எடுப்பாள். "அவளின்ர நம்பரைக் கண்டாலே தமையன்காரன் பேர்சைத் தடவிப் பாப்பான்" என்று ஊர் முழுக்கப் பகிடி. அந்தப் பகிடிக்கு அதிகம் சிரித்தவள் என் மனைவி. அதனாலேயே அவள் ஒருநாளும் மகனுக்கு எடுத்ததில்லை.

"கையேந்துற சனமெண்டு மருமகள் நினைக்கக்கூடாது" என்பாள். மருமகள் அப்படி நினைக்கிற பெண் அல்ல. ஆனாலும் வீம்பு வீம்புதான்.

போன புதிதில் அவன் தினமும் எடுத்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறு மாதா கோவில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து எடுப்பான். பிள்ளைகள் பிறந்த பிறகு நேரம் கிடைக்கும்போது. நேரம் என்பது கிடைக்கிற சாமானா? கார் விசயமாக எடுத்ததோடு சரி, பிறகு அவன் குரல் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளின் படம் வரும். மனைவி அதற்கு ஒரு பூப் படம் அனுப்புவாள். அவன் கைகூப்புகிற படம் அனுப்புவான். தாயும் மகனும் மூன்று படத்தில் ஒரு மாதத்தை முடித்தார்கள்.

அந்த மௌனத்தை உடைத்தது ஒரு கழுதை.

மன்னார்க் கழுதைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவற்றுக்கு உடைமைக்காரர் இல்லை. தெருவும் சந்தையும் வங்கி வாசலும் அவற்றின் சொத்து. மத்தியான வெயிலுக்கு நிழல் கண்ட இடத்தில் நின்று தூங்கும். எங்கள் வீட்டு வளவில், வேப்பமரத்தின் கீழ்தான் கார் நின்றது. படலை திறந்து கிடந்ததைக் கண்டு ஒரு கழுதை உள்ளே வந்து, காரின் பக்கவாட்டில் முதுகை வைத்துத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் விறாந்தையில் சாப்பிட்டுக் களைத்துக் கிடந்தோம். போன் அலறியது.

"அப்பா! காரை ஆரோ உலுப்புறாங்கள்! ஓடிப்போய்ப் பாருங்கோ!"

விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடிய ஓட்டத்தில் சிராய்த்த முழங்கால் மறுபடி வலித்தது. கழுதை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றப் பக்கத்தைத் தேய்த்தது.

"தம்பி, கழுதையடா."

"என்ன?"

"கழுதை. முதுகு சொறியுது."

அவன் சிரித்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் சிரித்த அதே சிரிப்பு. மூச்சு முட்டி, இருமி, மறுபடி சிரித்தான். நானும் விளக்குமாறும் கையுமாக நின்று சிரித்தேன். மனைவி என் கையில் இருந்து போனைப் பறித்துவிட்டாள். பிறகு எனக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. என்ன சமையல் என்று அவன் கேட்க, ஓட்டிமீன் கிடைக்கவில்லை என்று அவள் சொல்ல, சின்னவளுக்குப் பல் முளைத்த கதை வர, அரை மணித்தியாலத்துக்கு மேலே பேசினார்கள். பேசி முடித்து வந்தவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. நேரே குசினிக்குப் போய் மரக்கறித் தோலை ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு கழுதையிடம் போனாள்.

மறுநாளும் மரக்கறித் தோல் காருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்கு அடுத்த நாளும். எனக்கு விளங்க நேரம் எடுத்தது. கழுதைக்கு உடனே விளங்கிவிட்டது. அது தன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. புதுக் காரில் கீறல் விழுந்தது. நான் சத்தம் போட்டேன். தோல் வைப்பது நின்றது.

பிறகு கதவு தொடங்கியது.

"அம்மா, கார்க் கதவு பூட்டேல்லை எண்டு எனக்கு மெசேச் வந்திருக்கு."

"ஐயையோ, மறந்து போனன் தம்பி. சாப்பிட்டியே?"

இந்த இரண்டு வசனமும் ஒரே மூச்சில் வரும். கதவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடவும் அவள் இடம் கொடுக்க மாட்டாள், எங்கே அவன் வைத்துவிடுவானோ என்ற பயம். எங்களுக்கு மாலை ஆறு மணியென்றால் அவனுக்கு மத்தியானம். வேலைத்தலத்தில் தேநீர் குடிக்கிற நேரமாம். அது அவளுக்குத் தெரியும்.

மறதியான மனைவி என்று நான் இரக்கப்பட்டேன். ஒரு நாள் நானே காரைப் பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தேன். அவள் செபமாலையைக் காரில் விட்டுவிட்டதாகச் சொல்லித் திறப்பை வாங்கிக்கொண்டு போனாள். செபமாலை அவள் கழுத்தில்தான் கிடந்தது. கார் விளக்கு ஒருமுறை மின்னியது. அவள் திரும்பி வந்தாள். பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை. உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் திறந்து விட்டனி?" என்றேன்.

அவள் முழிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "அப்பத்தான் எடுப்பான்" என்றாள்.

"கள்ளன் வந்து கொண்டு போனா?"

"கொண்டு எங்க போறது? தீவை விட்டுப் போக இருக்கிறது ஒரு பாலம். அதில பொலிஸ் நிக்குது."

"அதுக்காகத் திறந்து விடுறதோ?"

"அவனுக்கு எங்களுக்கு ஏதும் நடந்திடுமெண்டு பயமில்லை. காருக்கு ஏதும் நடந்திடுமெண்டுதான் பயம். அந்தப் பயத்தையாவது வைச்சிருப்பம்."

சாதாரணமாகச் சொன்னாள், உப்புக் குறைவு என்று சொல்வதைப் போல. எனக்கு நெஞ்சில் தைத்தது. என் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லாதே என்று கத்தத் தோன்றியது. அப்போது அவள் மடியில் போன் அடித்தது. "ஐயையோ, மறந்து போனன் தம்பி" என்றாள் என் முகத்தைப் பார்த்தபடியே. தேர்ந்த நடிகை.

அன்றிலிருந்து நான் அந்தக் கதவைத் தொடவில்லை. சந்தா வீண்போகாமல் வேலை செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மகனுக்கு மட்டும் அந்தச் சந்தாவின் பலன் வேறு மாதிரி இருந்தது. ஒரு தடவை அரிசி வாங்கப் பாலத்துக்கு அப்பால் அடம்பனுக்குப் போய், அங்கே என்னோடு ஐஸ் ஆலையில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் கதைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். "ஏனப்பா அடம்பனில அவ்வளவு நேரம் நிண்டனீங்கள்? கார் பழுதோ?" என்று கேட்டான். கழுத்தில் மணி கட்டின மாடு மாதிரி உணர்ந்தேன். இந்த வயதில் எங்கே நின்றேன் என்று மகனுக்குக் கணக்குச் சொல்கிறேன். மனைவியோ பூரித்துப் போனாள். "பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறான்" என்றாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது வரைபடத்தில் நகர்கிற ஒரு புள்ளியை. அதைச் சொல்லி அவள் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

அப்படியே ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவி மாலைச் செபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் எனக்கு எடுத்தான்.

"அப்பா, அந்தக் கார்ப் பக்கேஜ் முடியப்போகுது. புதுசாக் கட்டுறதெண்டா விலையைக் கூட்டிப்போட்டாங்கள். இஞ்ச வீட்டுக் கடனும் ஏறிப்போச்சு. அதால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லைத்தானே. நிப்பாட்டட்டே?"

களைத்த குரல். பின்னால் பிள்ளை ஒன்று அழுதது, அவன் அதற்கு அந்த நாட்டு மொழியில் ஏதோ சொன்னான். எனக்கு வாய் வரை வந்தது. உன் அம்மாவுக்குப் பிரயோசனம் இருக்கிறதடா என்று. ஆனால் நிறுத்தாதே, கட்டு என்று சொன்னால் அது என்ன? காசு கேட்பதுதானே. ஆயுள் முழுக்கக் கேட்காத நான் இதற்காகவா கேட்பேன்?

"ஓம் தம்பி, நிப்பாட்டு. எங்களுக்கெதுக்கு அது" என்றேன்.

மனைவிக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவளும் வழக்கம்போலக் கதவைத் திறந்துவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன் அடிக்கவில்லை. வேலை கூடவாக்கும் என்றாள். அடுத்த மாலை இரண்டு கதவைத் திறந்துவிட்டாள். அதற்கும் சத்தமில்லை. பிறகு டிக்கியையும் திறந்தாள். கார் எங்கள் வளவில் செட்டை விரித்த கோழியைப் போல நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை பின்சீட்டில் குட்டி போட்டது. காசு கட்டினால் சூடாகும் அந்தச் சீட்டில், காசு கட்டாமலே நான்கு குட்டிகள் சூடாகப் படுத்துக் கிடந்தன. குட்டிகளைக் கலைக்க மனமில்லாமல் ஞாயிறு பூசைக்குப் பேருந்தில் போனோம். கார் அசையாமல் நின்றதற்கும் போன் வரவில்லை.

"எனக்கு ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ" என்றாள் ஒரு மாலை.

"ஏன்?"

"போன் பழுதோ தெரியேல்லை."

என் போனில் இருந்து எடுத்தேன். அவள் கையில் இருந்த போன் கணீரென்று அடித்தது. பழுதென்று தெரிந்திருந்தால் அவள் சந்தோசப்பட்டிருப்பாள். அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் மனம் வேறு பக்கம் திரும்பியது. பிள்ளைக்குச் சுகமில்லை, சொல்லாமல் மறைக்கிறார்கள். வேலை போய்விட்டது. மருமகளோடு சண்டை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பினாள். படம் வருகிறதே என்றேன். "படம் பழசா இருக்கும்" என்றாள். மடு மாதாவுக்கு நேர்ந்து வைத்தாள். சாப்பாடு குறைந்தது. நீயே எடுத்துக் கேளேன் என்றால், "காசுக்கெண்டு நினைப்பான்" என்ற ஒரே பல்லவி. என்னால் இனித் தாங்க முடியாது என்றானது. உண்மையைச் சொல்வது சுலபமான வழி. நான் கஷ்டமான வழியைப் பிடித்தேன். அந்தச் சந்தாவை நானே கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

காரை விற்ற கொழும்பு ஏஜென்சிக்கு எடுத்தேன். யந்திரக் குரல் சிங்களத்தில் பேசியது, பிறகு ஆங்கிலத்தில், கடைசியாகத் தமிழில். தமிழுக்குரிய எண்ணை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து வந்த பெண் தமிழ் பேசுகிறவர் விடுமுறையில் போய்விட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள். மறுநாள் எடுத்தேன். அதே பாட்டு. காருக்குக் கட்டுகிற சந்தாவை அவர்கள் வாங்குவதில்லையாம், அது கார் செய்த கம்பனிக்குச் செயலி வழியாக நேரே போகிறதாம். என் வங்கி அட்டை வெளிநாட்டுக்குச் செல்லாதாம். அதைச் செல்ல வைக்க மன்னார் வங்கியில் வரிசையில் நின்றேன். கையெழுத்துப் பொருந்தவில்லை என்றார்கள். கை நடுங்குகிறது அம்மா, அதற்கு நான் என்ன செய்ய என்றேன். மூன்றாம் முறை போட்டதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். மீன் விற்கிற சந்தையில் காசை நீட்டினால் வாங்கிப் போடுகிறார்கள். இங்கே காசைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாட வேண்டியிருக்கிறது.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற பெண்ணிடம் போனேன். பொறுமையான பிள்ளை. என் போனில் செயலியை இறக்கினாள். காரின் இலக்கத்தை அடித்தாள்.

"இதில பழைய கணக்கு ஒண்டு இருக்கு ஐயா. காசு கட்டாமக் கிடக்குது. அதை அழிச்சுப்போட்டு உங்கட பேரில புதுசாத் திறக்கட்டே?"

"எந்தப் பேரெண்டா என்ன பிள்ளை, வீட்டுக்கு ஒரு சந்தாதானே" என்றேன்.

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழுந்தது. எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. காற்றாலைகள் சுழல்கிற கரையோரமாகக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூனைக்குட்டிகளைக் காலையிலேயே ஓலைக் கடகத்துக்கு மாற்றியிருந்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு வாயில் ஒரு பாட்டு வந்தது.

மாலையானது. அவள் திறப்பை எடுத்துக்கொண்டு போனாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. கார் விளக்கு மின்னியது. அவள் வந்து எனக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்து போனை மடியில் வைத்தாள். இன்றைக்குப் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் சட்டைப் பையில் போன் சிணுங்கியது.

எடுத்துப் பார்த்தேன். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வாகனத்தின் கதவு பூட்டப்படாத நிலையில் உள்ளது" என்றிருந்தது. நல்ல தமிழ். முதலில் எனக்கு விளங்கவில்லை. இது ஏன் எனக்கு வருகிறது? அவனுக்கல்லவா போக வேண்டும்? திரும்ப வாசித்தேன். மரணாதார சங்கத்தில் யார் கட்டினாலும் கதிரை வீட்டுக்கு வரும். இதில் காசு கட்டியவனுக்குத்தான் செய்தி வரும். கடைக்காரப் பிள்ளை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. மகனுக்கும் காருக்கும் இருந்த கடைசி நூலை நானே காசு கட்டி அறுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுபடியும் சிணுங்கியது.

"ஆர் அது?" என்றாள்.

"கார்."

"என்ன?"

இனி எதை மறைக்க? எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நிறுத்தட்டுமா என்று கேட்டதை, நான் ஓம் என்றதை, வங்கியில் நின்றதை, போன் கடையை. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "அவன் எப்ப நிப்பாட்டினவன்?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன். அவள் மனதுக்குள் பின்னால் போய் ஒவ்வொரு மாலையாகத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப அவனுக்குச் சுகமில்லாம இல்லை."

"இல்லை."

"வேலையும் போகேல்லை."

"இல்லையப்பா. நல்லாத்தான் இருக்கிறான்."

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். உண்மையாகவே ஆறுதல் அடைந்தாள். அவள் ஆறுதலைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறான், ஆனாலும் எடுக்கவில்லை. அதை அவள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு எழும்பினாள். "அப்ப இனிக் கதவைப் பூட்டலாம்" என்றாள். போய் டிக்கியை அடித்துச் சாத்தி, கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த இழுத்துப் பார்த்தல்தான் என்னை உலுக்கியது. என் போனை எடுத்து மகனின் எண்ணை அழுத்தினேன். எங்கள் வீட்டில் இருந்து அவனுக்குப் போகிற முதல் அழைப்பு அதுதான்.

"வையுங்கோ! என்ன வேலை பாக்கிறீங்கள்? காசுக்கெண்டெல்லோ நினைப்பான்" என்று அவள் பாய்ந்து வந்தாள்.

"நினைச்சா நினைக்கட்டும். தாய் மகனோட கதைக்கிறதுக்கும் கழுதை வேணுமோ, கதவு வேணுமோ? கதை" என்று ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன்னால் நீட்டினேன்.

மூன்றாவது மணியில் எடுத்தான். யந்திரங்கள் ஓடும் இரைச்சல் கேட்டது. அவன் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தான் போலிருக்கிறது. மூச்சு வாங்கியது.

"அப்பா? என்னப்பா, என்ன நடந்தது? எவ்வளவு வேணும்? சொல்லுங்கோ, இண்டைக்கே போட்டு விடுறன்."

அவன் பயத்தில்தான் கேட்டான், பாசத்தில்தான் கேட்டான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது அதைத்தான். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் சொன்னேனே என்ற பார்வைகூட இல்லை. சும்மா பார்த்தாள். பிறகு போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஒண்டும் வேண்டாம் தம்பி" என்றாள். "கார்க் கதவு பூட்டியிருக்கு. அதைச் சொல்லத்தான் எடுத்தனாங்கள்."